மாரியில் நான்கு மாதம் நிற்கப்போகும் ரோட்ஸ்டர்: ரொறன்ரோ முறை திருகோணமலைக்குப் பொருந்துமா?

உவர்மலைவாசி | ஒக்டோபர் 6

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1992ஆம் ஆண்டின் யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. வெளிநாடுகளில் மஸ்டா எம்.எக்ஸ்-5 என்று அறியப்படும் அதே இரண்டு இருக்கைக் கார்தான். ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், கையால் மடிக்கும் துணிக்கூரை, பின்சக்கர இயக்கம். ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து, இது போனால் இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணமே எனக்கு இல்லாமல் போய்விட்டது.

இம்மாதக் கடைசியில் ரொறன்ரோவுக்குச் செல்கிறேன். தங்கைக்குப் பிள்ளை பிறக்க இருப்பதால் அம்மாவும் நானும் பெப்ரவரி முடியும்வரை அங்கேதான் இருப்போம். வீட்டில் அப்பா மட்டும் இருப்பார். அவர் வாகனம் ஓட்டுவதில்லை, ஆனால் இந்தக் காரைக் காப்பதில் என்னைவிட அவருக்கு அக்கறை அதிகம். கார் நிற்பது மூன்று பக்கம் சுவரும் மேலே தகரமும் உள்ள ஒரு கொட்டிலில். வடகிழக்குப் பக்கம் திறந்திருப்பதால் வாடைக் காற்று நேரே உள்ளே வரும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரை நவம்பரில் நிறுத்தி ஏப்ரலில்தான் வெளியே எடுப்பவர். அவர் தொலைபேசியில் சொன்ன முறை இதுதான்: கழுவித் துடைத்து, எஞ்சின் ஒயிலை மாற்றி, பெற்றோல் தாங்கியை நிரப்பி, ரயர்களுக்குக் காற்றைக் கூட்டி, பற்றரிக்கு மெதுவாக மின்னேற்றும் கருவியைப் பொருத்தி, உறையால் மூடிவிட்டால், வசந்தம் வரும்வரை சாவியைத் தொடவே தேவையில்லை. அங்கே பனிக்குச் செய்வதை இங்கே மாரிக்கும் அப்படியே செய்யலாமா?

நிலாவெளிக்காரன் | ஒக்டோபர் 6

நீங்கள் தேவைக்கு அதிகமாக யோசிக்கிறீர்கள், அண்ணா. என்னுடைய படகு எஞ்சினை ஒவ்வொரு மாரிக்கும் தறப்பாளால் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறேன். பங்குனியில் அவிழ்த்தால் ஒரு இழுப்பில் வேலை செய்கிறது. நல்ல தடித்த தறப்பாளாக வாங்குங்கள், அவ்வளவுதான்.

பாலையூற்று மெக்கானிக் | ஒக்டோபர் 7

நிலாவெளித் தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். படகு எஞ்சின் கடலுக்கென்றே செய்யப்பட்டது. அதன் வெளிப்பாகம் அலுமினியக் கலவை. கார் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டிய பெட்டி, அதுவும் உங்களுடையது முப்பது வயதைத் தாண்டியது.

நம்முடைய ஊரில் கறள் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். மழைத் தண்ணீர் பட்டால்தான் கறள் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்புத்துகள் ஒன்று தகட்டின்மேல் படிந்திருந்தால், காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்து, தகட்டின்மேல் உப்புநீர்ப் படலமாகிவிடும். மாரி காலத்தில் திருகோணமலையில் இரவு முழுவதும் ஈரப்பதன் அந்த அளவுக்கு மேலேதான் நிற்கும். அதாவது ஒரு துளி மழையும் படாமல் கொட்டிலுக்குள் நிற்கும் காரும் இரவெல்லாம் உப்புநீரில் நனைந்துகொண்டிருக்கிறது. வாடை உப்பைக் கொண்டுவந்து போடும்; இரவு அதற்குத் தண்ணீர் ஊற்றும்.

இதன்மேல் தறப்பாளை இறுக்கிக் கட்டினால் என்ன நடக்கும்? நிலத்து ஈரம் பகல் சூட்டில் எழும்பி, வெளியேற வழியில்லாமல் தறப்பாளின் உட்பக்கத்தில் ஒட்டி, இரவில் துளியாகிக் காரின்மேல் விழும். அப்படி மூடிய ஒரு காரைப் பங்குனியில் திறந்து பார்த்திருக்கிறேன். மேற்பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. கால்மிதியைத் தூக்கினால் கீழே தரையைக் காணவில்லை.

என்னைக் கேட்டால் உறையே வேண்டாம். திறந்த பக்கத்திற்கு ஒரு கிடுகுத் தட்டியோ பழைய தகரமோ வைத்து நேர்க்காற்றை மறித்து, மேலும் கீழும் காற்றோட விடுங்கள். சீமெந்துத் தரை ஈரத்தை மேலே விடும், ஆகவே காருக்கு அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு அதன்மேல் நிறுத்துங்கள். இது செலவில்லாத வேலை, ஆனால் எவரும் செய்வதில்லை.

ஸ்காபரோ திருமலையான் | ஒக்டோபர் 7

நான் மட்டிக்களியில் பிறந்து, ஸ்காபரோவில் இருபத்திரண்டு குளிர்காலங்களைக் கண்டவன். ஐயா சொன்னதை வாசித்தபோது, இங்கே நாங்கள் எதிலிருந்து காரைக் காக்கிறோம் என்பதையும் விளக்க வேண்டும் என்று தோன்றியது. உவர்மலைத் தம்பியின் மச்சான் முறையைச் சொன்னாரே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை.

குளிர் காரைக் கொல்வதில்லை. வீதியில் கொட்டும் உப்புத்தான் கொல்கிறது. நவம்பர் தொடங்கிச் சில ஆண்டுகளில் ஏப்ரல்வரை வீதிகளில் உப்பையும் உப்புக்கரைசலையும் தெளிப்பார்கள். அது சக்கர வளைவுகளுக்குள்ளும் பிறேக் குழாய்களிலும் சேறாய் அப்பிக்கொள்ளும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. உப்பு அப்பிய காரை வெளியே உறைகுளிரில் விட்டால் கறள் மெதுவாகத்தான் நடக்கும், ஏனெனில் குளிர் அந்த வேதிவினையையே மந்தமாக்கிவிடும். அதே காரைச் சூடேற்றிய கராஜுக்குள் கொண்டுவந்தால் பனி உருகி, உப்புநீராகி, இளஞ்சூட்டில் இரும்பைத் தின்னத் தொடங்கும். அந்தச் சூடேற்றிய கராஜில் நடப்பதுதான் திருகோணமலையில் ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஆகவே மச்சானின் முறையில் "சாவியைத் தொடாதே" என்ற பகுதி அங்கே பொருந்தாது. உலர்ந்த குளிரில் நிற்கும் காருக்கு அது சரி.

இனி, நிறுத்தாமல் ஓட்டுவதைப் பற்றி. நான் என்னுடைய பின்சக்கர இயக்கக் காரைக் குளிர்காலத்திலும் ஓட்டுகிறேன். நண்பர்கள் என்னை விசரன் என்கிறார்கள். குளிர்கால ரயர் போட்டால் ஓட்ட முடியும் என்பது என் அனுபவம். கோடை ரயரின் றப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே கடினமாகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். கடுங்குளிரில் அதை உருட்டினாலே வெடிப்பு விழலாம் என்று சில வேக ரயர்களைச் செய்யும் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படியான கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கழிவு கொடுக்க வேண்டும். ரயர் பனியைப் பிடித்துக்கொண்டாலும் காரின் தாழ்ந்த அடிவயிறு பனிக்குவியலில் தட்டும். ஒருமுறை வீட்டு வாசலிலேயே படகுபோல் மிதந்து நின்றேன், பின்சக்கரங்கள் வீணாகச் சுழன்றன. ஆண்டுதோறும் அடிப்பாகத்திற்கு எண்ணெய் தெளிக்கிறேன். ஆயினும் பத்து ஆண்டுகளில் இந்தக் கார் இராது என்று தெரிந்தே ஓட்டுகிறேன். உங்களுடையதைப் போன்ற ஒன்றை இப்படி ஓட்ட எனக்கு மனம் வராது.

உவர்மலைவாசி | ஒக்டோபர் 8

மிக்க நன்றி ஐயா, அண்ணா. மூன்று ஐயங்கள் எழுகின்றன. அண்ணனின் மகன் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறான். அவன் வாரத்துக்கு ஒருமுறை வந்து எஞ்சினை இயக்கிப் பத்து நிமிடம் விட்டால் போதுமா? கொட்டிலில் மின்செருகி இல்லாததால் பற்றரியை என்ன செய்வது? மூன்றாவது அப்பாவைப் பற்றியது. உறை போடாமல் விடுவதை அவர் ஏற்கவே மாட்டார். "மூடாமல் விட்டால் காகம் எச்சமிடும், எலி ஏறும்" என்கிறார்.

பௌதிகவியல் ரீச்சர் | ஒக்டோபர் 8

பற்றரிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், தம்பி. நிறுத்திய காரிலும் மணிக்கூடும் எச்சரிக்கைக் கருவியும் சிறிதளவு மின்னை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லியம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-மணி. 36 அம்பியர்-மணிப் பற்றரி ஐம்பது நாளில் வெறுமையாகிவிடும். அதற்கு வெகு முன்னரே எஞ்சினைச் சுழற்றும் வலு போய்விடும். இதைத் தவிர, பற்றரி தன்பாட்டில் இழக்கும் மின்னும் உண்டு. வெப்பம் 10 பாகை கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே ஸ்காபரோவில் நிற்கும் பற்றரியைவிட நம்மூரில் நிற்கும் பற்றரி விரைவாகக் களைத்துப்போகும். அங்கேயுள்ள ஆபத்து வேறு வகையானது: முழுதாக மின்னேறிய பற்றரி அங்குள்ள எந்தக் குளிரிலும் உறையாது, ஆனால் வெறுமையான பற்றரியின் அமிலம் வெறும் தண்ணீரை நெருங்கிவிடுவதால், பூச்சியத்திற்குக் கீழே 10 பாகைக்குள்ளேயே உறைந்து பெட்டி வெடித்துவிடக்கூடும்.

கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றுவதே எளிய வழி. ஓய்வில் 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4 இற்குக் கீழே விட வேண்டாம்.

பாலையூற்று மெக்கானிக் | ஒக்டோபர் 9

ரீச்சர் சொன்னது சரி. உங்கள் காரில் பற்றரி பின்பெட்டிக்குள் இருக்கிறது, அதற்கு வாயு வெளியேறும் குழாய் உண்டு. திரும்பப் பொருத்தும்போது பலர் அந்தக் குழாயை மறந்துவிடுகிறார்கள். பிறகு அமில ஆவி பின்பெட்டித் தகட்டைத் தின்னும்.

பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விடுவது காருக்குச் செய்யும் கெடுதல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. சூடேறாத எஞ்சினிலும் புகைக்குழாயிலும் அதில் ஒரு பங்கு திரும்பத் தண்ணீராகித் தேங்கும். புகைக்குழாய் உள்ளிருந்து அழுகுவதும், ஒயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் களிம்பு படிவதும் இதனால்தான். ஓட்டினால் அரை மணி நேரமாவது வீதியில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. மழை விட்டு வீதி காய்ந்த நாளாகப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கன்னியா தாண்டி அநுராதபுரம் வீதியில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பட்டும். கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் போவதால் உப்பும் குறைவு. நிலாவெளிப் பக்கம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு நின்றால் நான் பொறுப்பில்லை. இப்படி ஓட்டுவதானால் பற்றரியைக் கழற்றி வைத்து, ஓடும் நாளில் மட்டும் பொருத்துங்கள்.

அதற்கு முன்னர் முக்கியமான ஒன்று. துணிக்கூரையில் விழும் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால், இரு பக்கமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்தத் துளைகளில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழேயுள்ள பக்கச் சட்டத்துக்குள் தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலையை உள்ளிருந்தே தின்றுவிடும். இந்தக் காருக்கு உலகம் முழுவதும் உள்ள வியாதி இது. ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அதே வேகத்தில் கீழே விழ வேண்டும். துளையைக் கம்பியால் குத்தாமல் மெல்லிய பிளாஸ்திக் குழாயால் தள்ளுங்கள்.

கிண்ணியா நாநா | ஒக்டோபர் 9

நிறுத்தி வைப்பதைப் பற்றி நாம் எல்லோரும் 2022 இல் படித்துவிட்டோம். பெற்றோல் இல்லாமல் என்னுடைய கார் நான்கு மாதம் அசையாமல் நின்றது. யூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தபோது ஆசையோடு ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் இயங்கியது, கியர் விழவில்லை. கிளச் தட்டு கறள் பிடித்து எஞ்சினின் பறக்குஞ்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாண்ட்பிறேக்கையும் இழுத்துவிட்டிருந்தேன், பின்சக்கரம் இரண்டும் கல்லாய் இறுகியிருந்தன. இரண்டையும் கழற்றிச் சரிசெய்ய, வரிசையில் நின்று சேர்த்த பெற்றோலின் விலையைப்போலப் பல மடங்கு செலவானது.

ஆகவே தம்பி, ஹாண்ட்பிறேக் வேண்டாம். முதலாம் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அரைக் கல் வையுங்கள். ஓட்ட முடியாத வாரங்களில் பையன் வந்து கிளச்சைப் பத்துத் தடவை மிதித்துவிட்டுப் போனாலும் போதும்.

நிலாவெளிக்காரன் | ஒக்டோபர் 9

தறப்பாள் கதையை வாபஸ் பெறுகிறேன். ஆனால் அடிப்பாகத்துக்குப் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசலாம்தானே? எங்கள் பக்கத்து லொறிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பாலையூற்று மெக்கானிக் | ஒக்டோபர் 10

லொறியின் சட்டம் தடித்தது, அது தாங்கும். பழைய ஒயிலில் எரிபொருளின் அமிலக் கழிவும் உலோகத்தூளும் இருக்கின்றன; இந்தக் காரின் தொங்கமைப்பு முழுவதும் றப்பர் புஷ், ஒயில் பட்டால் ஊதிப்போகும். அதைவிட, சூடான பிறேக் தட்டில் வழிந்தால் பையனின் கதி என்ன? ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து செய்யும் தெளிப்பு கொழும்பில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, வெயிலில் ஓட்டிக் காயவைத்து, மூட்டுகளில் மட்டும் புதிய கிறீஸைத் தடவுங்கள். கழுவ மழைநீர் உத்தமம். கரையோரக் கிணற்றுத் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்றுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்களா? நம்மூரில் உறையாதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்காபரோ திருமலையான் | ஒக்டோபர் 10

வெறும் தண்ணீரோடு அந்தக் கார் இங்கே நின்றால் முதல் உறைபனியிலேயே கதை முடிந்துவிடும். உறையும்போது தண்ணீரின் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடுவதால் எஞ்சின் வார்ப்பு வெடிக்கும். நாங்கள் பாதிக்குப் பாதி கலக்கிறோம், அது பூச்சியத்திற்குக் கீழே 35 பாகைக்கு மேலும் தாங்கும். அங்கே உறைபனி இல்லை, ஆனால் கூலன்றில் உள்ள கறள் தடுப்பு மருந்து தேவை.

உறை விடயத்தில் அப்பாவோடு மோத வேண்டாம். உள்ளே பருத்தி படிந்த, மூச்சுவிடும் உறை ஒன்றை நான் அனுப்புகிறேன். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த வாரம் வருகிறார்.

பாலையூற்று மெக்கானிக் | ஒக்டோபர் 10

மூச்சுவிடும் உறை கதவுள்ள கராஜுக்கு உகந்தது. வாடை அடிக்கும் கொட்டிலில் அது படபடவென்று அடித்து, உள்ளே இருக்கும் தூசியையும் உப்புப் பரலையும் வைத்துப் பூச்சைத் தேய்க்கும். என் எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன்.

உவர்மலைவாசி | ஒக்டோபர் 25

செய்து முடித்தவற்றைச் சொல்கிறேன். ஒயில் மாற்றினேன், கூலன்ற் மாற்றினேன் (வெறும் தண்ணீர்தான் இருந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்). இடதுபக்க வடிகாலிலிருந்து ஒரு கைப்பிடி சருகும் ஒரு காய்ந்த பல்லியும் வந்தன. பொலித்தீன் விரித்து, கிடுகுத் தட்டி கட்டி, அரைக் கல் வைத்தாயிற்று. காரின் வருமான அனுமதிப்பத்திரம் தையில் முடிவதால், புகைப் பரிசோதனையையும் முடித்து இப்போதே புதுப்பித்துவிட்டேன். 2020 டிசெம்பரில் புரவிப் புயல் குச்சவெளிப் பக்கத்தால் கரை ஏறியபோது கொட்டில் தகரம் ஒன்று கழன்றது நினைவிருக்கிறது. ஆகவே தகரங்களுக்குப் புதிய ஆணி அடித்தேன். உறை மட்டும் அப்பாவின் விருப்பப்படி போடப்படுகிறது.

உவர்மலைவாசி | சனவரி 14

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். மருமகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது, நலம். நேற்று மச்சானின் கராஜுக்குள் போய்ப் பார்த்தேன். சூடேற்றாத கராஜ், மூச்சு புகையாகிறது, காரின் தகட்டைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது, ஆனால் எங்கும் ஈரம் என்பதே இல்லை. வெளியே அவர் வேலைக்குப் போகும் கார் சக்கரம் முதல் கூரைவரை உப்பில் வெள்ளை பூத்து நிற்கிறது. ஏப்ரலில் பனி தீர்ந்ததும் காரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இரண்டு மூன்று பெருமழை பெய்து வீதியைக் கழுவும்வரை எடுக்க மாட்டாராம். நாங்கள் மழைக்குப் பயந்து காரை மறைக்கிறோம், இவர் மழைக்காகக் காத்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். அவருடைய காரும் துணிக்கூரைதான். பிளாஸ்திக் பின்யன்னல் குளிரில் விறைத்து மடித்தால் முறியும் என்பதால், கூரையைத் தொடவே விடவில்லை. நம்மூரில் அதே யன்னல் வெயிலில் மஞ்சளாகிப் போகிறது.

திருமலையில் அண்ணன் மகன் ஐந்து தடவை ஓட்டியிருக்கிறான். மார்கழியில் மூன்று வாரம் மழை விடாததால் கிளச்சை மட்டும் மிதித்திருக்கிறான்.

உவர்மலைவாசி | மார்ச் 5

வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பற்றரி 12.6 காட்டியது, முதல் திருப்பிலேயே எஞ்சின் இயங்கியது, கிளச் விட்டது, பிறேக் தட்டில் இருந்த மெல்லிய செந்நிறப் படலம் முதல் மிதிப்பிலேயே போய்விட்டது. கால்மிதிகளுக்கு அடியில் உலர்வாக இருக்கிறது. இருக்கைப்பட்டியில் மட்டும் கொஞ்சம் பூஞ்சணம். வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தேன்.

உறையை எடுத்தபோதுதான் ஐயாவின் எதிர்ப்பு நினைவுக்கு வந்தது. தட்டியின் கீழ்க்கட்டு எப்போதோ அவிழ்ந்திருக்கிறது. காற்று வரும் பக்கத்தில், முன்சக்கரத்துக்கு மேலே, இரண்டு உள்ளங்கை அளவுக்குப் பூச்சு மங்கித் தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் அடிப்பூச்சு தெரிகிறது.

பாலையூற்று மெக்கானிக் | மார்ச் 5

ஞாயிறு காலை கொண்டுவாருங்கள். மங்கிய இடம் மினுக்கினால் வந்துவிடும், ஓரத்துக்கு மட்டும் பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு முன்னர் மெழுகு எதுவும் பூச வேண்டாம். அப்பா என்ன சொன்னார்?

உவர்மலைவாசி | மார்ச் 6

உறையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறார், அடுத்த மாரிக்கு. தேய்ந்த இடத்தை நான் இன்னும் காட்டவில்லை, ஐயா.